பாதியில் நிறுத்திய படங்கள்: எது, எந்த நிமிடத்தில், ஏன்?

கோப்பி_ஓ_கொசோங் · வெள்ளி இரவு 11:40

இன்றைக்கு ஒரு கணக்கெடுப்பு நடத்தினேன். தொலைக்காட்சியைத் திறந்தால் "தொடர்ந்து பார்க்க" என்று ஒரு வரிசை வருகிறதல்லவா? எங்கள் வீட்டுக் கணக்கில் அங்கே பதினொரு படங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் பாதி தூரம் ஓடி நின்றுபோன ஒரு சிவப்புக் கோடு. சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வட்டாரத்தில் பாதி கட்டி விட்டுப்போன வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. என் வரவேற்பறையில் மட்டும் பதினொன்று.

கடைசியாகச் சேர்ந்தது மெய்யழகன். பிடிக்காமல் நிறுத்தவில்லை, அதுதான் வேடிக்கை. ஊரை விட்டுப் போன அரவிந்த் சாமி கல்யாணத்துக்குத் திரும்பி வருகிறார். "அத்தான், அத்தான்" என்று கார்த்தி ஒட்டிக்கொள்கிறார். இவருக்கோ அவர் பெயர்கூட நினைவில்லை. அதைக் கேட்கவும் கூச்சம். நானும் உறவுக்காரர் கல்யாணங்களில் இப்படி நின்றிருக்கிறேன், அதனால் சிரித்துச் சிரித்துப் பார்த்தேன். இரண்டு பேரும் இரவில் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும் மனைவி துணி மடிக்க எழுந்துவிட்டாள். "இவர்கள் பேசி முடிக்கட்டும், கூப்பிடுங்கள்" என்றாள். அவர்கள் பேசி முடிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. படம் திரைக்கு வந்த சில நாட்களிலேயே இயக்குநர் பிரேம்குமார் சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார். குறைத்த பிறகும் எங்கள் வீட்டில் இந்த நிலைமை.

ஆகவே கேட்கிறேன். நீங்கள் பாதியில் விட்டது எது? எந்த நிமிடத்தில்? ஏன்? "வேலை வந்துவிட்டது" என்ற பதில் செல்லாது. வேலை எல்லோருக்கும் வருகிறது.

பிடோக்_பேரன் · வெள்ளி இரவு 11:52

நான் எதையும் பாதியில் நிறுத்துவதில்லை. 1.5 வேகத்தில் வைத்துவிடுவேன். மூன்று மணி நேரப் படம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். எப்படியும் கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துத்தான் எனக்குப் பாதி வசனம் புரிகிறது. பாபநாசத்தில் கமல் பேசும் நெல்லைத் தமிழ் எனக்கு மூன்றாம் மொழி. வேகமாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

போன வாரம் கடைசி விவசாயி பார்த்தேன். நல்ல படம். 1.5 வேகத்தில் இன்னும் நல்ல படம்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர் · சனி காலை 6:05

தம்பி, காலை நடைக்குக் கிளம்பிய நேரத்தில் உங்கள் பதிவைப் படித்தேன். நடை ரத்து.

மணிகண்டனின் கடைசி விவசாயியில் வரும் மாயாண்டித் தாத்தாவுக்குக் காது மந்தம். யாராவது ஒரு கேள்வி கேட்டால் அது அவரிடம் போய்ச் சேர நேரமாகும். பதில் திரும்பி வர இன்னும் நேரமாகும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் படமே. நடித்த நல்லாண்டி தொழில்முறை நடிகர் அல்லர், எண்பது வயதைத் தாண்டிய உண்மையான விவசாயி. படம் வெளிவருமுன் காலமாகிவிட்டார். நீங்கள் 1.5 வேகத்தில் ஓட்டினால் அவர் சட்சட்டென்று பதில் சொல்லும் சாதாரணக் கிழவராகிவிடுகிறார். காவல் நிலையத்தில் பேசுகிறவர்களுக்கும் அவருக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடுகிறது. இயக்குநர் அரும்பாடுபட்டு வைத்த வித்தியாசத்தை நீங்கள் ஒரு பொத்தானால் அழித்துவிட்டீர்கள்.

கைப்பேசியில் வேகத்தைக் கூட்டும் வசதியை நெட்ஃபிளிக்ஸ் சோதித்துப் பார்த்தபோது ஹாலிவுட் இயக்குநர்களே எதிர்த்தார்கள். அவர்கள் படங்களில் பாதி வெடிகுண்டும் கார் துரத்தலும். அவர்களுக்கே கோபம் வந்ததென்றால் நல்லாண்டிக்கு எவ்வளவு வர வேண்டும்?

பிடோக்_பேரன் · சனி காலை 10:30

ஐயா, நான் அவமதிக்கவில்லை. முழுப் படத்தையும் பார்த்தேனே! நீதிபதியாக வரும் பெண், தாத்தாவின் பயிருக்குத் தண்ணீர் விடச் சொல்லிக் காவலரை அனுப்பும் இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. கொஞ்சம் வேகமாகக் கலங்கியது, அவ்வளவுதான்.

இரவுப்பணி · சனி காலை 10:48

தம்பியின் கடைசி வரிக்கு நான் வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிட்டார்.

நான் தாதி. இரவுப்பணி முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, திரையை இழுத்து மூடிவிட்டுக் காலை ஒன்பது மணிக்குப் படம் பார்ப்பேன். ஊரே வேலைக்குப் போகும் நேரத்தில் எனக்கு அது இரவுக் காட்சி. என் பொறுமைக்கு எல்லை ஒரு நாளைக்கு ஒரு பாகம். ஆகையால் கொரியத் தொடர்தான். கிராஷ் லேண்டிங் ஆன் யூ 16 பாகம். பாராகிளைடரில் பறந்த தென்கொரியப் பணக்காரி காற்றில் அடித்துச் செல்லப்பட்டு வடகொரியாவில் இறங்குகிறாள். நம்ப முடியாத கதை. ஆனால் பதினாறில் முடிந்துவிடும் என்று தெரிந்துதான் உட்காருகிறோம். அது பெரிய நிம்மதி. நம் நெடுந்தொடர்களுக்கு அந்த நாகரிகம் கிடையாது.

பாதியில் விட்டது: சுழல் முதல் பருவம். ஐந்தாம் பாகத்தோடு நிறுத்திவிட்டேன். மயானக் கொள்ளைத் திருவிழாவையும் காணாமல் போன பெண்ணையும் பின்னியிருந்த விதம் அருமை. மொத்தமே எட்டுப் பாகம், மூன்றுதான் மிச்சம். ஆனால் அந்த வாரம் என் வார்டில் நடந்தவற்றைப் பார்த்த பிறகு, வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று பதற எனக்குத் தெம்பில்லை. படத்தின் குறை அன்று.

இன்னொன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் வார்டில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். மாலையில் வசந்தம் ஒளிவழியைத்தான் வைக்கச் சொல்வார். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆங்கில வரிகளும் அவ்வளவாகப் படிக்க மாட்டார். முகங்களைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவார். நான் பணிக்கு வந்ததும் மலாயில் கேட்பார்: "அந்த மாமியார் திருந்திவிட்டாளா?" நான் பார்க்காத தொடர் அது. அவருக்காகவே செயலியில் தேடி, முந்தைய பாகத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வேன். திருந்தவில்லை என்றால் அவருக்குச் சந்தோஷம்.

செங்காங்_அம்மா · சனி மதியம் 1:15

தாதியம்மா, நெடுந்தொடருக்கு நாகரிகம் கிடையாது என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்தியிலேயே அதைத் தேடிப் பார்த்த கதையும் சொல்கிறீர்களே!

கோலங்கள் 1,500 பாகத்துக்கு மேல் ஓடியது, 2003 முதல் 2009 வரை. என் மகன் தொடக்கப்பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆண்டில் தொடங்கி உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை அபியும் ஆதியும் சண்டை போட்டார்கள். நடுவில் நான் இரண்டு மாதம் ஊருக்குப் போய் வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அதே சண்டை, புடவை மட்டும் வேறு. நெடுந்தொடரைப் பாதியில் நிறுத்தவே முடியாது. ஏனென்றால் பாதி எதுவென்று எடுக்கிறவருக்கே தெரியாது.

கோலங்களை இயக்கிய திருச்செல்வம்தான் பிறகு எதிர்நீச்சல் எடுத்தார். ஆதி குணசேகரனாக மாரிமுத்து வந்தபோது எங்கள் வீட்டில் என் கணவரும் உட்காரத் தொடங்கினார். "எனக்கென்ன தொடர்" என்று நாளிதழை விரித்துக்கொண்டு உட்காருவார். ஒரு மணி நேரமாகப் பக்கம் திருப்ப மாட்டார். 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்த செய்தி வந்த அன்று நாளிதழும் இல்லை, பேச்சும் இல்லை. வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். நல்ல நடிகர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் நிறுத்திய இடம் அதுதான். இரண்டாம் பாகத்துக்கு எதிர்நீச்சல் தொடர்கிறது என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதுவாவது நேர்மை.

பாபநாசம் பற்றி யாரோ எழுதியிருந்தார்களே. அந்தப் படத்தை நான் பன்னிரண்டு தடவையாவது பார்த்திருப்பேன். எப்போதும் நடுவில்தான் தொடங்குவேன். தொலைக்காட்சியில் போடும்போது சமையல் முடிந்து உட்காருவதற்குள் கால்வாசி போயிருக்கும். அதில் கமல் கேபிள் டிவி நடத்துகிறவர், படம் பார்த்தே சட்டமும் போலீசும் கற்றுக்கொண்டவர். நம்மைப்போல் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அதிலும் கடைசியில் அந்தப் பையனின் உடலை அவர்

[இங்கிருந்து மூன்று வரிகள் நீக்கப்பட்டன. மட்டுறுத்துநர்]

மட்டுறுத்துநர் · சனி மதியம் 1:40

முடிவைச் சொல்லாதீர்கள். இது பாதியில் நிறுத்தியவர்களின் இழை. இங்கே யாருமே முடிவைப் பார்க்கவில்லை.

செங்காங்_அம்மா · சனி மதியம் 1:46

படம் வந்தது 2015 இல்! மலையாளத்தில் 2013 இலேயே வந்துவிட்டது! இன்னும் எத்தனை ஆண்டு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

துவாஸ்_ரயில் · சனி மாலை 4:20

வணக்கம். நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன். அறையில் ஐந்து பேர், தொலைக்காட்சி இல்லை. பெருவிரைவு ரயில்தான் என் திரையரங்கு. துவாஸ் லிங்க்கில் ஏறினால் பாய லேபார் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம். வேலை முடிந்தால் ஒரு படத்தின் முதல் மணி நேரம், மறுநாள் காலை அடுத்தது. ஆக நான் பார்க்கிற ஒவ்வொரு படமும் பாதியில் நிற்கிறதுதான். யாரையும் கேட்டு நிறுத்துவதில்லை, கதவு திறக்கிறது, இறங்க வேண்டும்.

இப்படி மகாராஜா பார்த்தவனின் கதையைக் கேளுங்கள். முடி திருத்துகிறவர் "லட்சுமியைக் காணவில்லை" என்று காவல் நிலையத்துக்குப் போகிறார். லட்சுமி ஒரு குப்பைத் தொட்டி. அதற்காக எத்தனை அடி வாங்கினாலும் நகர மாட்டேன் என்கிறார். முதல் நாள் சிரித்துக்கொண்டே இறங்கினேன். மறுநாள் காலை வேறொரு வீடு, வேறொரு குடும்பம், வேறு ஆட்கள். ஏதோ அரை மணி நேரம் தவறிவிட்டது என்று நினைத்துப் பின்னால் ஓட்டினேன். தவறவில்லை. அன்று மாலை மறுபடி குழப்பம். கதை இரண்டு காலத்தில் நடக்கிறது என்பது மூன்றாம் நாள், பூன் லே நிலையத்தைத் தாண்டும்போது சுரீரென்று உறைத்தது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் யூனோஸ் போய்விட்டேன். திரையரங்கில் ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்கு அந்த அதிர்ச்சி ஒரு நிமிடம். எனக்கு மூன்று நாள் சேர்த்து வைத்த அதிர்ச்சி. நிதிலன் சாமிநாதன் எனக்காகவே எடுத்ததுபோல் இருந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் படத்தை ரயிலில் பார்க்காதீர்கள். ஓர் இடத்தில் பக்கத்தில் இருந்த அம்மா என் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

இரவுப்பணி · சனி மாலை 4:41

96 பார்த்தீர்களா? உங்களைப்போல் இங்கே இருப்பவர்களுக்கு அது வேறு மாதிரி இருந்திருக்குமே.

துவாஸ்_ரயில் · சனி மாலை 5:10

பார்த்தேன் அக்கா. ஊரில் இருந்தபோது, 2018 தீபாவளிக்குச் சன் டிவியில் போட்டார்கள். அக்டோபர் 4 அன்று திரைக்கு வந்த படம், ஐந்து வாரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் போடாதீர்கள், பொங்கலுக்குத் தள்ளி வையுங்கள் என்று திரிஷாவே கேட்டுப் பார்த்தார். போட்டுவிட்டார்கள். எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. எங்கள் ஊரில் திரையரங்கு கிடையாது.

அப்போது பார்த்தபோது ஜானு சிங்கப்பூரிலிருந்து வருகிறாள் என்றால் "பெரிய இடத்துப் பெண்" என்று நினைத்தேன். இரவு முழுக்க ராமோடு சென்னையில் சுற்றிவிட்டு விடிந்ததும் விமானம் ஏறிவிடுவாள். நான்கு மணி நேரத்தில் இங்கே இறங்கிவிடலாமே, அடிக்கடி வந்து போனால் என்ன என்றும் நினைத்தேன். இங்கே வந்த பிறகு மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். விமான நிலையக் காட்சிக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். காரணம் கேட்காதீர்கள். கதவு திறக்கவில்லை, நானாகத்தான் நிறுத்தினேன்.

கோப்பி_ஓ_கொசோங் · சனி மாலை 5:25

தம்பி, காரணம் கேட்கவில்லை. உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

புளோக்_மூன்றாம்_மாடி · சனி மாலை 6:02

மூன்று மணி நேரப் படமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு முடியவில்லை என்று அழுவானேன்? 12 ஆங்ரி மென், 1957 இல் வந்தது, கறுப்பு வெள்ளை, ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறை, பன்னிரண்டு ஆண்கள், 96 நிமிடம். எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் வசிப்போர் கூட்டம் இதைவிட நீளமாகப் போகும், தீர்ப்பும் வராது.

ஓய்வுபெற்ற_ஆசிரியர் · சனி இரவு 9:30

பகலெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிடோக் தம்பியைக் கடிந்துகொண்டேன், என் குற்றத்தையும் சொல்லிவிடுவதே முறை.

எங்கள் காலத்தில் படத்தைப் பாதியில் நிறுத்தும் பேச்சே கிடையாது. பாதியில் தொடங்குவதுதான் வழக்கம், செங்காங் அம்மா சொன்னதுபோல. வசந்தம் தனி ஒளிவழியாக ஆனது 2008 அக்டோபரில்தான். அதற்கு முன் சிறுவர் நிகழ்ச்சிகளோடும் கலை நிகழ்ச்சிகளோடும் ஒரே ஒளிவழியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. தமிழுக்கு ஒதுக்கிய நேரத்தில் நாம் வீட்டில் இருந்தால் உண்டு. தொலைக்காட்சி உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 110 வெள்ளி வேறு. 2011 இல் அதை நீக்கினார்கள். கட்டணம் கட்டியவன் என்ற உரிமையில் எதைப் போட்டாலும் பார்த்தோம்.

என் தந்தையார் பிரியா படத்தை, 1978 இல் வந்தது, முழுதாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "அக்கரைச் சீமை" பாட்டு வரும்போது மட்டும் எல்லாரையும் அழைப்பார். ரஜினிகாந்தை அவர் கவனித்ததாக எனக்கு நினைவில்லை. பின்னால் தெரியும் சிங்கப்பூரைத்தான் பார்ப்பார். "அதோ, அந்த இடம். இப்போது இல்லை" என்பார். அடுத்த தடவை போடும்போது இன்னும் ஓர் இடம் இல்லாமல் போயிருக்கும். பாட்டு முடிந்ததும் எழுந்துவிடுவார். அது பாதி பார்த்தது ஆகுமா, முழுதாகப் பார்த்தது ஆகுமா? எனக்கு விடை தெரியவில்லை.

இனி குற்றம். நம் ஊர்த் தமிழ்ப் படங்களை நாமே பார்ப்பதில்லை என்று ஊரெல்லாம் பேசித் திரிகிறவன் நான். எரிக் கூவின் மை மேஜிக் தமிழில் எடுத்த படம். 2008 இல் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படம் அதுதான், தமிழ்ப் படம்! குடிகார மந்திரவித்தைக்காரத் தந்தையும் பத்து வயது மகனும். நடித்த போஸ்கோ பிரான்சிஸ் உண்மையிலேயே வித்தைக்காரர். அவர் நெருப்பை விழுங்குவதும் கண்ணாடியைத் தின்பதும் பார்க்கக் கூசுகிறது. அதை முழுதாகப் பார்த்தேன். ஆனால் 2016 இல் கே. ராஜகோபாலின் எ எல்லோ பேர்ட்? சிறையிலிருந்து வந்தவன் தன் மனைவியையும் பிள்ளையையும் தேடுகிறான். அதுவும் கானுக்குப் போனது. வீட்டில் போட்டு, அரை மணி நேரத்தில் நிறுத்தினேன். மெதுவாகப் போகிறது என்று மனைவியிடம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. அதில் வரும் ஆளைப்போன்ற ஒரு மாணவன் எனக்கு இருந்தான். வகுப்பிலும் அவனை நான் பாதியில்தான் விட்டேன்.

இரவுப்பணி · சனி இரவு 9:58

ஐயா.

செங்காங்_அம்மா · சனி இரவு 10:20

அந்தப் படம் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள். நடுவிலிருந்து இல்லை, முதலிலிருந்தே பார்க்கிறேன்.

பிடோக்_பேரன் · ஞாயிறு இரவு 10:05

ஆசிரியர் ஐயாவுக்கு ஓர் அறிக்கை.

இன்று மாலை கடைசி விவசாயியை மறுபடி போட்டேன். சாதாரண வேகம். பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். பாட்டி கல்யாணமாகி இங்கே வருமுன் வயல் வேலை செய்தவர் என்று தெரியும். என்ன வேலை என்று நான் கேட்டதே இல்லை.

படம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் "நிறுத்து" என்றார். தாத்தா வரப்பில் நடப்பதைக் காட்டி, "இது நடிப்பு இல்லை, இந்தக் கால் வரப்பில் பழகிய கால்" என்றார். மறுபடி ஓடவிட்டேன். மறுபடி "நிறுத்து." இந்த முறை அவர்கள் வீட்டு மாட்டின் கதை. மாட்டுக்குப் பெயர் உண்டாம். இறந்துபோன மயில்களைத் தாத்தா புதைக்கும் இடத்தில் பத்து நிமிடம் நிறுத்தச் சொன்னார். வயலில் செத்துக் கிடந்த எதையும் அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அவர் அப்பா சொல்வாராம். தாத்தாவிடம் யாராவது கேள்வி கேட்டால், அவர் பதில் சொல்வதற்குள் பாட்டி பதில் சொல்லிவிடுகிறார். நீங்கள் சொன்ன இடைவெளி அதற்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது.

இரண்டரை மணி நேரம்கூட இல்லாத படம். நான்கு மணி நேரம் உட்கார்ந்தோம். இன்னும் முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் என் வேகம் இப்போது 0.5 க்கும் கீழே. என் "தொடர்ந்து பார்க்க" வரிசையிலும் முதல் முறையாக ஒரு பாதிக் கோடு.

கோப்பி_ஓ_கொசோங் · ஞாயிறு இரவு 10:12

எந்த நிமிடத்தில் என்று சொல்லவில்லையே, தம்பி. விதி விதிதான்.

பிடோக்_பேரன் · ஞாயிறு இரவு 10:15

1:31 இல். பாட்டி தூங்கிவிட்டார். நாளை இரவு உணவுக்குப் பிறகு தொடர்கிறோம். அதுவரை யாரும் என் கணக்கில் நுழைந்து கோட்டை நகர்த்தக் கூடாது என்று தங்கையிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.